பச்சைக் காரின் ஹாரன்

மாமா,

பெட்ரோலும் பழைய ரெக்ஸினும் கலந்த அந்த வாசனை நேற்றிலிருந்து என் கையில் இருக்கிறது. சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவினேன், போகவில்லை. உங்கள் பச்சைக் காரைத் தொட்டுவிட்டு வந்த கை.

கோயமுத்தூரில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பழைய கார்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். "ஞாயித்துக்கிழமையும் டிவிய வெச்சுட்டு உக்காந்திருக்காதீங்கம்மா, வாங்க" என்று நம் மகன் போத்தனூரிலிருந்து அவனுடைய மாருதியில் ஏற்றிக்கொண்டு போனான். ஒவ்வொரு காருக்கும் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. பெண் பார்க்கும் வீட்டில் அலங்காரம் பண்ணி உட்கார வைத்த மாதிரி நின்றன. நீங்கள் இருந்திருந்தால் ஒவ்வொன்றின் பானெட்டையும் தூக்கச் சொல்லி மதியச் சாப்பாட்டையே மறந்திருப்பீர்கள். எனக்கு வெயில் தாங்கவில்லை, வேப்பமர நிழலுக்கு நடந்தேன். அங்கே நம் கார் நின்றுகொண்டிருந்தது.

நம்பரைப் பார்க்கவே தேவையில்லை. தென்னை மரத்தில் நீங்கள் இடித்த இடத்தில் எவ்வளவு தட்டி எடுத்தும் ஒரு மேடு தங்கிவிட்டது. நீங்கள் போன பிறகு நாலு மாசம் கொட்டகையில் யாரையும் தொடவிடாமல் வைத்திருந்து, பிறகு புரோக்கரை வரச்சொல்லி விற்றவள் நான்தானே. அதற்குப் பிறகு ஆறு வருஷம் கழித்து இப்போதுதான் பார்க்கிறேன்.

அந்தக் காரால் உங்களோடு நான் போட்ட சண்டைகளுக்குக் கணக்கில்லை. தாராபுரம் ரோட்டிலிருந்து நம் தோட்டத்துக்குத் திரும்பும் முக்கில் இரண்டு சின்ன ஹாரன் அடிப்பீர்கள், நான் பாலை அடுப்பில் வைக்க வேண்டும் என்று. நான் சமையற்கட்டிலிருந்தே "வாரேனுங்க" என்பேன். உங்களுக்குக் கேட்காது என்று தெரிந்தும் சொல்வேன். அதுவரை நன்றாகத்தான் இருந்தது. கடைசி வருஷத்தில்தான் அந்த ஹாரன் தானாகக் கத்த ஆரம்பித்தது. ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் போதும், கத்திக்கொண்டே இருக்கும். நீங்கள் இறங்கி பானெட்டைத் தூக்கி ஒயரைப் பிடுங்கிவிடும்வரை நிற்காது.

என் பெரியப்பா இறந்த வீட்டுக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? சந்தில் திரும்பியதும் கத்த ஆரம்பித்தது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தும் விட்டார்கள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நீங்களோ, "அதுக்கும் பெரியப்பன் மேல பாசம் இருக்குது கண்ணு, அழுதுட்டுப் போவுட்டும்" என்றீர்கள். வீடு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "எழவு ஊட்டுல மானத்த வாங்கிப்போட்டீங்க. இதச் சரி பண்ற வரைக்கும் எங்கூடப் பேசாதீங்க." மூன்று நாள் பேசவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன்.

நாலாம் நாள் காலையில் வேட்டியை மாற்றிக்கொண்டு வந்து நின்றீர்கள். "தாராபுரத்துல ஒரு சின்ன வேலை அம்மணி. என்னன்னு வந்து சொல்றேன்." நான் என்ன வேலை என்று கேட்கவில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மத்தியானம் தோட்டத்து வேலைக்கு வரும் பாவாத்தாளோடு களத்தில் உட்கார்ந்து மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன். கொட்டகைப் பக்கமிருந்து ஹாரன் கேட்டது. இரண்டு சின்ன ஹாரன் இல்லை, நிற்காத ஒரே ஹாரன்.

"ஏனுங்க அம்மணி, ஐயன் வந்துட்டாருங்க. போய்ப் பாக்கலீங்களா?" என்றாள் பாவாத்தாள்.

"அந்தப் பேய் கத்துனாக் கத்தட்டும். அவரே ஒயரப் புடுங்கி உட்டுப்போட்டு வருவாரு."

ஒரு முறம் மிளகாய் முடிகிற நேரம் கத்தியிருக்கும். பிறகு நின்றது. நான் "அப்பாடா" என்றேன்.

நீங்கள் வரவில்லை. காப்பி ஆறிப்போனதும் கோபத்தோடுதான் கொட்டகைக்கு வந்தேன். மீதியை உங்களுக்கு எழுத என்ன இருக்கிறது? பக்கத்துச் சீட்டில் சாய்ந்து கிடந்தீர்கள். கை மட்டும் ஸ்டியரிங் பக்கம் நீண்டிருந்தது. மாரடைப்பு, ஒரு நொடியில் போயிருக்கும், வலி தெரிந்திருக்காது என்றார் டாக்டர். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஹாரன் வழக்கம்போலத் தானாகக் கத்தியது, எப்படியோ தானாக நின்றது, நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை. இந்த ஆறு வருஷம் நான் சாப்பிட்டதும் தூங்கியதும் பேரனைக் கொஞ்சியதும் அதை நம்பித்தான்.

நேற்று காருக்குப் பக்கத்தில் நின்ற பையன் நல்ல மாதிரி. கோயமுத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறானாம். எங்கள் கார்தான் என்று சொன்னதும் நாற்காலி கொண்டுவந்து போட்டான்.

"லாரில ஏத்தி உங்க தோட்டத்துல இருந்து நேரா எங்க பட்டறைக்குத்தானுங்கம்மா வந்துச்சு. இஞ்சின், சீட்டு, பெயின்ட்டு எல்லாமே கை வெச்சாச்சுங்க. ஹாரன் ஒண்ண மட்டும் நாங்க தொடலீங்க."

"அது தானாக் கத்துமே தம்பி?"

"இல்லீங்களே. அப்பத்தான் யாரோ சுத்தமாப் பாத்து, புது ஒயர் இழுத்திருந்தாங்க. ஸ்டியரிங்க எப்படி ஒடிச்சாலும் கத்தாதுங்க. அமுக்குனா மட்டுந்தான் அடிக்கும். உக்காந்து அமுக்கிப் பாருங்கம்மா."

உங்கள் சின்ன வேலை என்னவென்று எனக்கு அங்கேதான் தெரிந்தது, மாமா. நான் பேச வேண்டும் என்பதற்காகப் போயிருக்கிறீர்கள். வந்து சொல்கிறேன் என்றீர்கள்.

உங்கள் சீட்டில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் நான் உட்கார்ந்ததே இல்லை. ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுக்க ஒடித்தேன். சத்தமே இல்லை. பிறகு பித்தானை அமுக்கினேன். மைதானமே திரும்பிப் பார்த்தது. மகன் ஓடிவந்து "போதுங்கம்மா, போதுங்கம்மா" என்றான். நான் எடுக்கவில்லை. கை வலித்த பிறகுதான் எடுத்தேன். எடுத்த அந்த நொடியே நின்றுவிட்டது.

அன்றைக்கும் அப்படித்தான் நின்றிருக்கும். அதற்குத்தான் நான் "அப்பாடா" என்றேன்.

மகனிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் என்னைத் தேற்றுவான், அது எனக்கு வேண்டாம். ராத்திரி முழுக்க அந்த முறத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதை அப்படியே வைத்துவிட்டு எழுந்திருந்தால் கொட்டகைக்கு எத்தனை எட்டு? வந்திருந்தால் பிழைத்திருப்பீர்களா, தெரியாது. கையையாவது பிடித்திருப்பேன்.

இன்று காலையில் கேஸ் சிலிண்டர் வண்டிக்காரன் தெருவில் ஹாரன் அடித்தான். கையிலிருந்த தட்டத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். "எங்கீங்கத்தே இந்த ஓட்டம் ஓடறீங்க? நம்மூட்டுக்கு இல்லீங்க" என்று மருமகள் பின்னாலேயே வந்தாள். வாசல் கதவைத் திறக்கும்வரை "வாரேனுங்க, வாரேனுங்க" என்று சொல்லிக்கொண்டே போனேன்.