சபீனா அக்காவின் ஆறு பைகள்

ஜூன் 16, திங்கள்

இரண்டாம் பையில் நான்கு பூக்கள் உதிர்ந்து கிடந்தன. பொறுக்கி அறிவியல் நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

மேல்வீட்டு சபீனா அக்கா தங்கை கல்யாணத்துக்குக் காயல்பட்டினம் போய் இரண்டு வாரமாகிறது. பால்கனியில் ஆறு பை மிளகாய்ச் செடி. இருபது விதை போட்டு முளைத்ததே இந்த ஆறுதான். ஒன்பதாவது படிக்கிற பெண்ணிடம் யாராவது வீட்டுச் சாவியைக் கொடுப்பார்களா என்று அம்மா கேட்டாள். அக்கா கொடுத்தார். “தினமும் பைக்கு ஒரு மக் தண்ணி. இலை சுருண்டா மட்டும் உடனே சொல்லு ரெனி.” அவ்வளவுதான் சொன்னார்.

ஜூன் 19, வியாழன்

ஏழு பூ உதிர்ந்திருந்தது. இலை ஓரங்கள் காய்ந்து பழுப்பாகின்றன. வெயிலாக இருக்கும். வெயில்தானே?

ஜூன் 21, சனி

சுருண்டுவிட்டது. மூன்றாம் பைதான் மோசம், இலையெல்லாம் கிண்ணம் மாதிரி குவிந்து நிற்கிறது.

வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து ஸ்பிரே பாட்டிலோடு படி ஏறினேன். வாட்ச்மேன் துலுக்கானம் அண்ணன், “இன்னா பாப்பா, மொளகா செடிக்கு ஜொரமா? எவ்ளோ டிகிரி கீது?” என்றார். சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் அக்கா வாட்ஸ்அப்பில் படம் கேட்டார். பையைத் திருப்பி வைத்து, நல்ல பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பினேன். ‘மாஷா அல்லாஹ்’ என்று பதில் வந்தது. சாப்பிடவே பிடிக்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

பள்ளி நூலகப் புத்தகத்தில் படித்தேன்: இலைச்சுருட்டை நோய். வைரஸ். வெள்ளை ஈ பரப்பும். மருந்து கிடையாது. வந்த செடியைப் பிடுங்கி அழிக்காவிட்டால் மற்றவற்றுக்கும் தொற்றும்.

அக்காவைக் கேட்க வேண்டாமா? கேட்டால் அந்தப் படம்—

ஜூன் 25, புதன்

மூன்றாம் செடியைப் பிடுங்கிவிட்டேன். அதில் விரல்நீளத்துக்கு ஒரு காய் இருந்தது.

ஜூன் 28, சனி

இன்றைக்குத்தான் லென்ஸ் எடுத்துப் போனேன். ஒவ்வொரு இலையாக அடிப்பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஒரு வெள்ளை ஈ கூட இல்லை. முட்டையும் இல்லை. செடியைப் பிடுங்குவதற்கு முன்னாலேயே இதைப் பார்த்திருக்கலாமே. லென்ஸ் என் பென்சில் டப்பாவில்தானே இருந்தது?

அப்புறம் ஆறாம் பை. அது மட்டும் பச்சைப்பசேலென்று இருக்கிறது. ஒரு இலைகூடச் சுருளவில்லை. தொற்றுநோய் என்றால் அதை மட்டும் ஏன் விட்டது? மூலையில் நிற்கிறது. அக்கா வீட்டுக்கும் மேலே இருக்கிற வீட்டு ஏ.சி. குழாய் அதன்மேல்தான் சொட்டும். எப்போதும் ஈரமாக இருக்கிறதே, வேர் அழுகிவிடுமே என்று நான் அதற்குத் தண்ணீரே ஊற்றியதில்லை.

நான் ஊற்றாத செடி மட்டும் நன்றாக இருக்கிறது.

மற்ற பைகளின் மண்மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

ஆர்.ஓ. மெஷினின் வேஸ்ட் தண்ணீர். அம்மா தரை துடைக்கப் பிடித்து வைக்கும் வாளியிலிருந்துதான் தினமும் ஐந்து மக் கொண்டுபோய் ஊற்றினேன். எங்கள் சேக்காடு ஏரியாவில் போர்வெல் தண்ணீரே உப்பு. அதிலிருந்து நல்லதைக் குடிக்க எடுத்துக்கொண்டு, மிச்ச உப்பையெல்லாம் செடிக்குக் கொடுத்திருக்கிறேன். சுற்றுச்சூழல் தினத்துக்கு ‘ஆர்.ஓ. வேஸ்ட் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவோம்’ என்று சார்ட் எழுதி முதல் பரிசு வேறு வாங்கினேன்.

அய்யோ. வைரஸே இல்ல. நாந்தான்.

ஜூன் 29, ஞாயிறு

சர்ச்சில் பிரசங்கம் எதுவும் காதில் விழவில்லை. வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். படத்தையும் சொன்னேன்.

அக்கா முதலில் கேட்டது: “எதைப் பிடுங்குனே?”

“மூணாவது.”

“அதுலதானே முதல் காய் பிடிச்சிச்சு.” அப்புறம், “தண்ணி தப்பா ஊத்துனதுக்கு ஒண்ணும் சொல்லல ரெனி. சுருண்டா சொல்லுன்னுதானே சொன்னேன்.”



ஜூலை 1, செவ்வாய்

தெருக் குழாயில் நல்ல தண்ணீர் வந்தது. மண்ணில் இருக்கிற உப்பு கரைந்து அடியில் வழிந்து ஓடுகிற வரைக்கும் ஒவ்வொரு பைக்கும் ஒரு குடம். துலுக்கானம் அண்ணன் இரண்டு குடம் தூக்கி வந்தார், கிண்டலே செய்யாமல். அது இன்னும் பயமாக இருந்தது.

ஜூலை 3, வியாழன்

சார்ட்டை எடுத்துவிடலாமா என்று மிஸ்ஸிடம் கேட்டேன். பரிசு வாங்கியது, இருக்கட்டும் என்றார். அதன் கீழே ஒரு தாள் ஒட்டினேன்: ‘இந்தத் தண்ணீர் தரை துடைக்க மட்டும். செடிக்கு வேண்டாம். ஊற்றிப் பார்த்தவள் எழுதுகிறேன்.’

ஜூலை 8, செவ்வாய்

இரண்டாம் பையில் புதுத் துளிர். சுருளவில்லை. இன்னும் நம்பப் பயம்.

ஜூலை 12, சனி

அக்கா வந்துவிட்டார். ஒவ்வொரு பையாகப் பார்த்தார். காலிப் பையின் முன்னால் மட்டும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். திட்டவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த அல்வாவைச் சாப்பிடக் கொடுத்தார். சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

ஆகஸ்ட் 16, சனி

காலையில் கதவு தட்டும் சத்தம். தோளில் பையோடு அக்கா. மூன்று நாள் ஊருக்குப் போகிறாராம். சாவியை நீட்டி, “தண்ணி எதுன்னு நான் சொல்ல வேணாம்ல?” என்றார்.

சாயங்காலம் நானாகவே படம் அனுப்பினேன். ஐந்து செடியும் காலிப் பையும் சேர்ந்து தெரிகிற மாதிரி. நான்காம் பையில் ஒரு இலை லேசாக மடங்கியிருந்தது. அதைத் தனியாக, கிட்டத்தில்.