எதிரே உட்காருபவன் எழுதும் குறை

என் செல்ல மச்சான் செல்வத்துக்கு,

நீ போய் நாற்பது நாள் ஆகிவிட்டது. தேக்கா சந்தையில் உன் மச்சான் இன்னும் ஆட்டுக்கறி வெட்டிக்கொண்டுதான் இருக்கிறான். சிராங்கூன் ரோட்டில் தீபாவளி விளக்கு கட்டிவிட்டார்கள். இந்த வருஷம் மயில். முகம் மட்டும் வாத்து மாதிரி இருக்கிறது. நீ பார்த்திருந்தால் ஒரு வாரத்துக்குக் கேலியை விட்டிருக்க மாட்டாய்.

நேற்று மத்தியானம் ஈசூனில் உன் வீட்டு மேசையைச் சுற்றி மறுபடி ஆட்டத்துக்கு உட்கார்ந்தோம். நான், பூன் லேயிலிருந்து வந்த நம் தேவா, உன் நாற்காலியில் உன் பெண்டாட்டி கலா. "அவரு இருந்தா ஆட்டத்தை நிறுத்தச் சொல்வாரா?" என்று கேட்டுவிட்டாள்.

ஆறாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்க நீ பட்ட பாடு இருக்கிறதே. படக்கதை வீரனை ஒரு தாளில் இறக்க வேண்டும். பலம் இத்தனை, வேகம் இத்தனை என்று எண் போட வேண்டும். பிறகு அவனாகவே பேசி, பகடை உருட்டித் தப்பிக்க வேண்டும். "படக்கதையில அவன் தோக்கவே மாட்டான் மச்சான். மேசைக்கு வந்தா தோக்கத் தெரியணும். இல்லன்னா பகடை எதுக்கு?" என்பாய். அதற்கு ஒரு சட்டமும் வைத்தாய். ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு குறை உண்டு. அதை ஆடுகிறவன் எழுதக்கூடாது, எதிரே உட்காருபவன்தான் எழுத வேண்டும். தன் குறை தனக்குத் தெரியாதாம்.

உன் சுவரேறி வீரனுக்கு நான் எழுதினேன். 'மூச்சு முட்டினாலும் சொல்ல மாட்டான். ஓய்வில்லாமல் ஏறினால் விழுவான்.'

"என்னைப் பாத்தா எழுதின, கறிக்காரா?"

"பின்ன? மேம்பாலம் ஏறறதுக்குள்ள மூணு தடவை நின்னு போனைப் பாக்குற. போன்ல ஒண்ணுமே இல்ல லா."

விழுந்து விழுந்து சிரித்தாய். மச்சான், நீ மூச்சுக்குத்தான் நின்றாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததை வைத்துக் கேலி செய்தேன். அடுத்த மாதம் லிப்டு பழுதான அன்று அரிசி மூட்டையோடு ஒன்பதாவது மாடிக்குப் படியேறினாய். ஏழாவது மாடியில் மூச்சில்லாமல் கிடந்தாய்.

நேற்று கலா உன் தாள்களைப் பிரித்தாள். என் கோழிக்கிறுக்கல் அவளுக்குத் தெரியாதா? இரண்டு தடவை படித்தாள்.

"இது உங்களுக்கு அப்பவே தெரியுமாண்ணே?"

கேலி ஒன்றும் வாயில் வரவில்லை. "தெரியும் தங்கச்சி" என்றேன். அவள் அழவில்லை. தாளை மடித்து ஓரமாக வைத்தாள். பிறகு என் இரும்புத்தோள் வீரனின் தாளை இழுத்தாள். புது ஆட்டம், புதுக் குறை. என் எதிரே இப்போது அவள்தானே. எழுதி என் பக்கம் தள்ளினாள்.

'இடது கை மரத்துப் போகும். கேட்டால் சிரிப்பான்.'

தேவா சிரித்தான். ஒரு மாதமாக இடது கை என் பேச்சைக் கேட்பதில்லை. கறியைப் பிடிக்கிற கை அது. இரண்டு தடவை கத்தி விரலுக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

"எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"பதினாறாம் நாள் சாப்பாட்டுல தண்ணி கிளாஸ் நழுவிச்சு. 'கிளாஸுக்கு என்னைப் பிடிக்கல'ன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கல." பகடையை எல்லாம் அள்ளி மடியில் வைத்துக்கொண்டாள். "உங்களை மாதிரி எழுதிட்டு சும்மா இருக்க மாட்டேன். நாளைக்கு உங்க கடை லீவுதானே, கிளம்புங்க."

காலையில் பாலிகிளினிக் போனோம். அங்கிருந்து நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். வெளியே நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பக்கத்தில் கலா. சற்று முன் டாக்டர் என் ஸ்கேன் படத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உன்னை டாக்டரிடம் கூட்டிப்போய்க் கதவுக்கு வெளியே யாரும் இப்படி உட்காரவில்லையே, மச்சான். நான் உட்கார்ந்திருக்க வேண்டாமா?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உள்ளே போனதும் எந்தக் கை மரத்துப் போகிறது, எத்தனை நாளாக மரத்துப் போகிறது, எல்லாவற்றையும் உள்ளபடி சொல்லிவிடுவேன். என் பேரைக் கூப்பிடுகிறார்கள். கலா எனக்கு முன்னால் எழுந்துவிட்டாள்.

உன் மச்சான்,
கலாவுக்கு அண்ணன்