லிம்போவின் கையில் எழுந்த தடிப்பு

லிம்போவின் அப்பாவுக்கு,

போனில் சொன்னால் வெல்கொம் சுரங்க விடுதியில் உங்கள் அறையிலிருக்கும் ஆறு பேருக்கும் கேட்கும். அதனால் எல்லை தாண்டும் டாக்ஸியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

திங்களன்று கிளினிக்கில் லிம்போவின் கைத்தோலுக்கடியில் காசநோய்ச் சோதனை மருந்து ஒரு சொட்டு போட்டார்கள். புதனன்று அந்த இடம் தடித்திருந்தது. ஊசி சேரவில்லை என்று நர்ஸிடம் சண்டைக்குப் போனேன்.

"கத்தாதே, லிம்போ அம்மா. காலேஜ் படிச்சவதானே நீ! கிருமியை ஏற்கெனவே பாத்த உடம்புதான் இப்படித் தடிக்கும்."

"அப்போ நோயா?"

"நெஞ்சுப் படம் சுத்தமா இருக்கு. நாம மாட்டுக்குக் கல்லடுக்கிப் பட்டி கட்டுறோமே, அப்படி வெள்ளை அணுக்கள் கிருமியைச் சுத்தி அடைச்சு வெச்சிருக்கு. ஆனா உள்ளே அது சாகல. ரெண்டு வயசுப் பிள்ளை கட்டின பட்டி எத்தனை நாள் தாங்கும்? மாத்திரை குடுக்கணும்."

நான் கவனிக்காததை இந்தச் சின்ன உடம்பு கண்டுபிடித்து, சத்தமில்லாமல் வேலையும் பார்த்திருக்கிறது. யார் சொல்லிக்கொடுத்தது?

"வீட்ல யாரு இருமுறாங்க?" என்றும் கேட்டார். யாருமில்லை என்றேன்.

ஆனால் ஈஸ்டர் விடுமுறையில் நீங்கள் வந்திருந்தபோது, இருமிக்கொண்டிருந்த உங்கள் நெஞ்சின் மேல்தான் நான்கு இரவும் லிம்போ தூங்கினாள்.

வரும் திங்களன்று மாத்திரை வாங்கப் போகிறேன். வேலை போய்விடும் என்ற உங்கள் பயம் எனக்கும் உண்டு. ஆனாலும் இந்த முறை நர்ஸிடம் உங்கள் பெயரைச் சொல்வேன். அதற்குள் சளியைச் சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். 'என் கணவரும் மருந்து சாப்பிடுகிறார்' என்று சேர்த்துச் சொல்ல ஆசை.

கோபமில்லை, பயம்தான்.

உங்கள் மனைவி