மாலை போட்ட கணினி

அம்மா, இன்று பள்ளிக் கணினி அறையில் பக்கத்தில் இருந்தவளின் திரையில் ஒரு பிழைச்செய்தி வந்தது. மூன்றே வரி. ஒரு வார்த்தைகூடப் படிக்காமல் ஓகேயை அமுக்கினாள். மறுபடி வந்தது, மறுபடி அமுக்கினாள். எனக்கு உன் மேலாளர் ஞாபகம் வந்துவிட்டது.

பரவை ரப்பர் கம்பெனியில் எந்த நாள் எந்த இயந்திரத்தில் என்ன ஓட வேண்டும் என்று கணினியில் திட்டம் போடுவது உன் வேலை. காலையில் பிழைச்செய்திகள் வரிசைகட்டி நிற்கும் என்பாய். நீ ஒவ்வொன்றையும் கடைசி வரி வரை படிப்பாய். இரண்டு பட்டம் வாங்கிய அவர் எல்லாவற்றுக்கும் ஓகே கொடுத்துவிட்டு, சாஃப்ட்வேர் சரியில்லை என்பார். வீட்டுக்கு வந்து, அவரைப் போலவே எங்கோ பார்த்துக்கொண்டு ஒற்றை விரலால் என் புத்தகத்தை அமுக்கிக் காட்டுவாய். "மிஷின் பொய் சொல்லாதுடி. படிக்காத மனுசந்தான் சொல்லுவான்."

நீ போன ஐந்தாம் நாள் அவர் வந்தார். துக்கம் கேட்க வந்திருக்கிறார் என்று அப்பா நாற்காலி போட்டார். அவர் என் பக்கம் திரும்பி, "அம்மா கம்ப்யூட்டர்ல ஒரு ஆர்டரப் பூட்டிட்டுப் போயிட்டாங்க பாப்பா. பாஸ்வேர்டு தெரியுமா?" என்றார். அந்த ஆர்டர் திறக்காததால் கிடங்கில் சரக்குத் தரவில்லையாம், இயந்திரங்கள் நிற்கின்றனவாம். பதவி உயர்வு தராத கோபத்தில் நீ வேண்டுமென்றே செய்ததாகக் கம்பெனியில் பேசிக்கொள்கிறார்களாம். அப்பா தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அந்தப் பேச்சை ஆரம்பித்தது யார் என்று எனக்குத் தெரியாதா?

செய்தியில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். ஏதோ எரர் என்றார். அவர் போனில் அதன் படம் இருந்தது. படம் பிடிக்கத் தெரிந்தவருக்குப் படிக்கத் தோன்றவில்லை. வாங்கிப் படித்தேன். பாஸ்வேர்டு என்ற பேச்சே அதில் இல்லை. உன் பெயரில் உள்நுழைந்தவர் இந்த ஆர்டரைத் திறந்து வைத்திருக்கிறார், அவர் மூடிய பிறகு முயலவும் என்று இருந்தது.

"அம்மா கம்ப்யூட்டர யாரு சார் ஆஃப் பண்ணுனது?"

"அத யாரும் தொடல பாப்பா. அம்மா போட்டோவ வச்சு மாலை போட்டிருக்கோம்."

நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோது திறந்திருந்த திரை அது. கறுத்துப்போனதும் அணைந்துவிட்டதாக நினைத்துத் தினமும் ஊதுபத்தி காட்டியிருக்கிறார்கள். உள்ளே ஐந்து நாளாக நீ வேலையில்தான் இருந்தாய்.

கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னேன். உன் பக்கத்து மேசைச் செல்வி அக்கா எடுத்தார். மாலையை ஒதுக்கி மவுஸை அசைத்ததும் திரை வெளிச்சமானது. "உங்கம்மா பாதி அடிச்சது அப்படியே நிக்கிதுடி" என்று அழுதார். மூடிவிடச் சொன்னேன். ஆஸ்பத்திரியில்கூட நான் உன்னைப் போகச் சொல்லவில்லை அம்மா. அன்று சொன்னேன்.

ஆர்டர் திறந்துகொண்டது.

"அக்கா, எங்கம்மா எதையும் பூட்டலன்னு அங்க எல்லார்கிட்டயும் சொல்லிருங்க."

"சொல்றேன்டி. நீ மொதல்ல அங்க உக்காந்திருக்காரே, அவருக்குச் சொல்லு."

அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "சாஃப்ட்வேரே சரியில்ல பாப்பா" என்றார்.

உன் சேலைகளைச் சித்தி எடுத்துக்கொண்டாள். கைக்கடிகாரம் அப்பாவின் பீரோவில் இருக்கிறது. எனக்கு வந்தது உன் ஏளனம். அது எனக்கு அளவாகவே இருக்கிறது. இன்று பக்கத்தில் இருந்தவள் மூன்றாம் தடவை அமுக்கப் போனபோது அவள் விரலைப் பிடித்துக்கொண்டு, கடைசி வரி வரை சத்தமாகப் படித்தேன்.