காலியாக வந்த டப்பா

என் மருமகளுக்கு,

நேரில் சொல்ல வாய் வரவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற கை எழுதுகிறது, பொறுத்துக்கொள்.

நேற்று டாக்டர் பேத்திக்கு ரத்தம் குறைவு என்றதும், "பாத்துப் பாத்துதானே கட்டிக் குடுக்கறேன் அத்தை, டப்பாவும் காலியாதானே வருது" என்று அழுதாய். நான் சேலையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

மதியம் பள்ளிக்கூடத்துக்கு ஊட்டப் போகும் நான்தான் உன் கீரையையும் பயறையும் தின்றேன். அவளுக்குக் கிரீம் பிஸ்கட் கொடுத்தேன். "அம்மா மோசம், நீதான் பாட்டி நல்லவ" என்பாள். அதில் மயங்கிவிட்டேன். உன்னிடம் மறைக்க அவளைப் பழக்கியதும் நான்தான்.

அதே டாக்டர் என் ரத்தத்தைப் பார்த்து, "இந்த வயசுல இவ்வளவு ரத்தம் எப்படிம்மா?" என்று வியந்தாரே!

பிஸ்கட் இருக்கும் அலமாரியின் சாவி இதோடு இருக்கிறது. அவளைத் திட்டாதே. அவள் முன்னால் என்னைத் திட்டு. நல்லவள் யாரென்று அவளுக்குத் தெரியட்டும்.

உன் அத்தை