உறுமாத துரை

ஜூன் 5

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. போனில் பேசினால் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, யார் என்ன சொன்னார் என்று தெரியாமலே கோபித்துக்கொண்டு வைத்துவிடுகிறோம். அதனால் இந்த ஆறு மாதமும் முக்கியமானதைக் கடிதத்தில்தான் எழுத வேண்டும் என்று நீ சட்டம் போட்டாய். சட்டப்படி இது முதல் கடிதம். இங்கே உன் அண்ணி, நான், உன் மகள் எறும்பு, துரை நால்வரும் சுகம்.

எறும்பு முதல் இரண்டு நாள், "அம்மா எப்ப வரும்?" என்று கேட்டாள். மூன்றாம் நாள் துரையைக் கண்டுபிடித்துவிட்டாள். அப்புறம் உன் பேச்சையே காணோம். மூன்று வயதுப் பெண்ணும் நாற்பத்திரண்டு கிலோ நாயும் வீட்டையே ஆள்கிறார்கள். காதைப் பிடித்து இழுக்கிறாள், முதுகில் ஏறுகிறாள், நேற்று அவன் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "மாமா, தொரை பல்லே தேய்க்கல" என்று புகார் கொடுத்தாள். அவன் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறான்.

இதெல்லாம் தானாக வந்ததில்லை. குட்டியாக இருந்தபோது சோற்றுத் தட்டின் பக்கம் போனால் "உர்" என்பான். ஒவ்வொரு தடவையும் கழுத்துப்பட்டையை ஒரு சுண்டு, ஒரு அதட்டல். மூன்றே வாரம். அன்றிலிருந்து இன்றுவரை அவன் வாயிலிருந்து அந்தச் சத்தம் வந்ததில்லை. இரண்டு தங்கப் பதக்கம் சும்மாவா கொடுத்தார்கள்? என்னிடம் நாயைப் பயிற்சிக்குக் கொண்டுவருகிறவர்களிடமெல்லாம் அவனைத்தான் காட்டுகிறேன்.

எறும்பு அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கும் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். சட்டம் போட்டு மாட்டு. மாப்பிள்ளைக்கும் ஒன்று கப்பலுக்கு அனுப்பியாயிற்று.

உன்
அண்ணன்


ஜூன் 14

அன்பு அண்ணா,

உன் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தேன். பல் தேய்க்காத துரையை நினைத்து இன்னும் சிரிக்கிறார்கள்.

இங்கே ஒன்பது மாடி ஆஸ்பத்திரி. ஒவ்வொரு அறையிலும் புகை வந்தால் கத்துகிற மணி வைக்க வேண்டும். பதினோரு பேருக்கு மேஸ்திரி உன் தங்கை. முதல் நாள், "பொம்பளைக்கு ஏணி ஏற வருமா?" என்று கேட்டவர், இப்போது நான் ஏறும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அம்மா இருந்திருந்தால் தெருவுக்கே சொல்லியிருப்பாள். அவள் இல்லாததால் உன்னிடம் சொல்லிக்கொள்கிறேன்.

படத்தை மாட்டத்தான் எடுத்தேன் அண்ணா. ஆனால் பார்க்கப் பார்க்க மனசு ஒரு மாதிரி இருந்தது. எறும்பு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். துரை முகத்தை அந்தப் பக்கம் திருப்பியிருக்கிறான். வாய் இறுக மூடியிருக்கிறது. கண்ணில் வெள்ளை தெரிகிறது. எனக்கு நாயைப் பற்றித் தெரியாது, கட்டிப்பிடிக்க வரும் சொந்தக்காரர்களிடமிருந்து நழுவப் பார்க்கிற முகம் தெரியும்.

கோபிக்காதே. இருவரையும் தனியாக விடாதே. அவன் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் இவள் பக்கத்தில் போக வேண்டாம். கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவில் ஒரு சின்னக் கம்பிக் கதவு போட்டால் என் தூக்கம் நன்றாக வரும்.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

உன்
தங்கை


ஜூன் 23

தங்கச்சிக்கு,

கொல்லன் தெருவிலேயே ஊசி விற்க வந்துவிட்டாயே!

பத்தொன்பது வருஷம். முந்நூறு நாய்களுக்கு மேல் என் கையில் பழகிப் போயிருக்கின்றன. குழந்தை உள்ள வீடென்றால், கதவு போடுங்கள், தனியாக விடாதீர்கள் என்று நானே தலைபாடாய் அடித்துக்கொள்வேன். அது ஊரார் நாய்க்கு. இது துரை. அவனைச் சந்தேகப்படுவதும் என்னைச் சந்தேகப்படுவதும் ஒன்றுதான்.

இத்தனைக்கும் அவன் முன்னைவிட அடக்கமாகிவிட்டான். எறும்பு வருகிற சத்தம் கேட்டாலே எழுந்து சோபாவுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்கிறான். அவள் கிட்டே போனால் கொட்டாவி விடுகிறான், நாக்கால் மூக்கை நக்கிக்கொள்கிறான். அவ்வளவு பொறுமை. மனிதர்களுக்கு வருமா?

உன் அண்ணி உன் கட்சி. "ஒரு கதவுதானே, போட்டுடுங்களேன்" என்கிறாள். நான் வீட்டுக்குள் கம்பி போட்டால் நாளைக்குப் பயிற்சிக்கு வருகிறவன் என்ன நினைப்பான்? நீ மணியைப் பார், நான் நாயைப் பார்க்கிறேன்.

அண்ணன்


ஜூலை 2

அண்ணா,

மணியைத்தான் பார்க்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பழைய கட்டடங்களுக்குப் போய்ச் சோதிப்பதும் என் வேலை. சில வீடுகளில் மணி அழகாகச் சுவரில் இருக்கும், பின்னால் கம்பியைக் கழற்றி வைத்திருப்பார்கள். கேட்டால், "தாளிச்சாக்கூடக் கத்துதும்மா, தொந்தரவு" என்பார்கள். அவர்கள் வீட்டில் புகை வராமல் இல்லை. வந்தால் தெரியாது, அவ்வளவுதான்.

நீ மூன்று வாரத்தில் துரைக்குச் செய்தது அதுதான் என்று எனக்குப் படுகிறது. அவனுக்குப் பிடிக்காதது பிடிக்காமலே இருக்கிறது. சொல்வதற்கு இருந்த ஒரே வழியை நீ அடைத்துவிட்டாய். சோபாவுக்குப் பின்னால் போவது அடக்கமா, ஒளிந்துகொள்வதா? நீயே சொல். நீ வாத்தியார்.

உன்னை நம்பித்தான் பெற்ற பிள்ளையை விட்டேன். உன் நாயை நம்பி விடவில்லை. பதினைந்தாம் தேதிக்குள் கதவு போட்டுவிட்டதாக உன்னிடமிருந்து ஒரு வரி வர வேண்டும். வராவிட்டால் வேலையை விட்டுவிட்டு வந்து அவளைக் கூட்டிப்போவேன். இந்த வேலை எனக்கு எவ்வளவு பெரியது என்று உனக்குத் தெரியும். அதைவிடப் பெரியது எது என்பதும் தெரியும்.

தங்கை


ஜூலை 8

அன்புத் தங்கச்சி,

முதலில் இதைப் படி. எறும்பு நன்றாக இருக்கிறாள். சாப்பிட்டாள், தூங்கினாள், இப்போது அண்ணியோடு படம் வரைகிறாள். போனில் அண்ணி உனக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டாள், நீ கிளம்பிவிட்டாய் என்றும் தெரியும். நீ வந்தபின் இதையெல்லாம் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் வராது. அதனால் எழுதித் தபாலில் சேர்க்கிறேன். வேலை பார்க்கும் ஊருக்குத் திரும்பியதும் படித்துக்கொள்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. படித்தேன். கோபத்தில் மடித்து அலமாரிமேல் வைத்தேன். சனிக்கிழமை மதியம் அண்ணி கடைக்குப் போயிருந்தாள். நான் முன்னறையில் ஒரு புது வாடிக்கையாளரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். துரையின் பெருமையைத்தான்.

அவன் சோபாவுக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறான். எறும்பு அவனுக்குப் போர்த்திவிடத் துண்டை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் சோபா, வருகிற வழியில் குழந்தை. தலைமேல் துண்டு விழுந்திருக்கிறது. சத்தமே இல்லை, தங்கச்சி. அவள் அலறல்தான் முதல் சத்தம். ஓடிப் போனபோது சட்டைக் கை கிழிந்திருந்தது. தோளுக்குக் கீழே இரண்டு பல் பட்ட தடம், ஒன்றில் இலேசாக ரத்தம். துரை சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தான்.

சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா ஊசி போட்டார். மற்ற ஊசிகளுக்குத் தேதி எழுதிக் கொடுத்தார். "நம்ம வீட்டு நாயா? முன்னாடி உறுமிச்சா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. அது உறுமவே உறுமாதுங்க" என்றேன்.

அந்த நேரத்திலும் என் குரலில் பெருமை இருந்தது. எனக்கே கேட்டது. அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த நாற்காலியிலேயே நான் செத்துப் பிழைத்தேன்.

முகத்தைத் திருப்புவது, கொட்டாவி, மூக்கை நக்குவது, ஒதுங்கிப் போவது எல்லாம் 'என்னை விடுங்கள்' என்று நாய் கேட்பது. அடுத்தவர்களுக்கு இதைப் பாடமாகச் சொல்கிறவன் நான். துரை ஒரு மாதம் கேட்டிருக்கிறான். நான் அதைப் பொறுமை என்று உனக்கு எழுதினேன். அவன்மேல் தப்பில்லை, குழந்தைமேலும் இல்லை. வீட்டில் ஒரே ஒரு பெரிய மனுஷன் இருந்தான், அவன் போனில் பேசிக்கொண்டிருந்தான்.

நேற்றே கம்பிக் கதவு போட்டாயிற்று. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். கடவுள் புண்ணியத்தில் கண் கெடவில்லை.

அண்ணன்


ஜூலை 21

அண்ணா,

வந்து நின்ற இரண்டு நாளும் உன்னோடு நான் பேசவில்லை. பேசியிருந்தால் திரும்ப எடுக்க முடியாததைச் சொல்லியிருப்பேன். எறும்பைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது நீ பையைக் கொடுத்தாய், அதைக்கூட உன் முகத்தைப் பார்த்து வாங்கவில்லை. கோபம் இன்னும் இருக்கிறது. மறைக்க மாட்டேன்.

வேலையை விடவில்லை. என்னோடு வேலை பார்க்கும் பெண்ணின் அம்மா பகலில் இவளைப் பார்த்துக்கொள்கிறார். கையில் தடம் மங்கிவிட்டது. இங்கே வந்து இரண்டு ஊசி போட்டாயிற்று. அழாமல் போட்டுக்கொண்டு, அழுத பையனுக்குப் புத்தி சொல்லிவிட்டு வந்தாள்.

நேற்று கேட்டாள், "தொரைக்கு என்மேல கோவமா?"

"இல்லடி. தொரைக்குப் பயமாப் போச்சு. அதுக்குச் சொல்லத் தெரியல" என்றேன்.

"நம்ம சொல்லிக் குடுக்கலாம்ல?"

கேள்வியை அப்படியே உனக்கு அனுப்புகிறேன். பதில் வருமா பார்.

தங்கை


அக்டோபர் 19

அன்புத் தங்கச்சிக்கு,

எறும்பு கேட்டதற்குப் பதில் சொல்ல மூன்று மாதம் ஆயிற்று.

அவனைக் கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்று நாலு பேர் சொன்னார்கள். நான் செய்ததற்கு அவன் தண்டனை அனுபவிப்பதா? கழுத்துப்பட்டையைச் சுண்டுவதை விட்டேன். அவன் சாப்பிடும்போது பத்தடி தள்ளி நிற்பேன். அவன் உடம்பு விறைத்தால், அதட்டாமல் ஓரடி பின்னால் போவேன். அடுத்த நாளும் அப்படியே. சொன்னால் நான் கேட்பேன் என்று அவனுக்கு நம்பிக்கை வர வேண்டும், அவ்வளவுதான் வேலை. பதக்கம் வாங்குவது இதைவிடச் சுலபம்.

நேற்றுக் காலை நாலடி தூரத்தில் நின்றேன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், அடித்தொண்டையில் மெதுவாக, "உர்..."

"சரிடா ராஜா, போறேன்டா" என்று பின்னால் வந்தேன். அண்ணி சமையலறையிலிருந்து, "என்னங்க சத்தம்?" என்றாள். "உன் பையன் பேசிட்டான்டி!" என்றேன். ஐம்பது வயதில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன். கேலி செய்யாதே.

இதனால் குழந்தையை அவனோடு தனியாக விடலாம் என்று ஆகிவிடாது. எந்த வீட்டிலும் எந்த நாயோடும் விடக் கூடாது. இப்போது பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு குடும்பத்திடமும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்: "உறுமாத நாய்னு பெருமை அடிச்சேங்க. என் தங்கச்சி பொண்ணு கையில அதோட பல்லு பட்டுச்சு. நாய் உறுமினா அடிக்காதீங்க, நன்றி சொல்லுங்க." மூன்று குடும்பம், இவனே இப்படியா என்று வேறு இடம் போய்விட்டது. மற்றவர்கள் போய்க் கதவு போட்டார்கள். ஒருத்தர், தன் பேரன் தவழத் தொடங்குவதற்குள் போட்டுவிட்டதாக வந்து சொன்னார். அன்று எனக்கு இருந்த பெருமை எந்த மேடையிலும் இருந்ததில்லை.

அவளை அனுப்பு என்று கேட்க எனக்கு வாயில்லை. கேட்கவும் மாட்டேன். துரை சொல்லக் கற்றுக்கொண்டான் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடு.

அண்ணன்


நவம்பர் 30

அன்பு அண்ணா,

நேற்றுச் சோதனை முடிந்தது. ஒன்பது மாடியிலும் ஒவ்வொரு மணியும் கத்தியது. காதைப் பொத்திக்கொண்டு நான் சிரித்ததைப் பார்த்து, பெரிய இன்ஜினியரே கைகொடுத்தார். அடுத்த கட்டடத்தையும் என்னிடமே கொடுத்திருக்கிறார்கள். மூன்று மாத வேலை.

நீ எழுதியதைச் சொன்னதும் எறும்பு, "நான்தான சொன்னேன்" என்றாள். உன் மருமகள் வேறு எப்படி இருப்பாள்?

ஜூலையில் நீ எழுதிய கடிதத்தை இத்தனை நாளும் கைப்பையில் வைத்திருக்கிறேன். குழந்தை விழுந்துவிட்டாள், கதவில் கிழித்துக்கொண்டாள் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். அண்ணி கடையில் இருந்தார், பார்த்தவர் யாருமில்லை. டாக்டரிடம் உன் குரலில் இருந்த பெருமையைக்கூட எழுதினாய். அதை எழுதாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரியவே போவதில்லை. அந்த ஒரு வரிக்காகத்தான், என் அண்ணனைப் போல ஆள் கிடையாது என்று இங்கே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். கோபம் போயிற்றா என்று கேட்டால், முக்கால்வாசி போயிற்று. மிச்சம் உன்னைப் பார்த்ததும் போய்விடும்.

அடுத்த வாரம் ஞாயிறு காலை வண்டியில் நாங்கள் இருவரும் வருகிறோம். திங்கள் காலை நான் மட்டும் திரும்புவேன்.

இவள் இந்த ஆறு மாதத்தில் நாலு விரல் வளர்ந்துவிட்டாள். வந்து இறங்குவதற்குள் கம்பிக் கதவின் தாழ்ப்பாளை ஒரு சாண் மேலே தூக்கி வைத்துவிடு.

உன்
தங்கை