பால்காய்ச்சு வீட்டில் ஏற்றிய மெழுகுதிரி

3 ஆகஸ்ட் 2008
அமெரிக்காவிலிருந்து மகள் ஆர்யா அனுப்பிய பெட்டி வந்தது. சோயா மெழுகு, திரி, வெப்பமானி, வெனிலா வாசனை எண்ணெய். அம்மாவுக்கு பி.பி. இருக்கிறது, ஒரு பொழுதுபோக்கு வேண்டுமாம். பி.பி.யை ஏற்றுகிற மனிதர் அதே வீட்டில்தான் இருக்கிறார் என்பதை மறந்துவிட்டாள். என் கணவர் நீலகண்டன் பெட்டியை எட்டிப் பார்த்து, "வனஸ்பதிக்கு எதுக்குத் திரி?" என்றார்.

9 ஆகஸ்ட்
முதல் மெழுகுதிரி. நடுவில் குழி, ஓரமெல்லாம் விரிசல். கார்ப்பரேஷன் போட்ட ரோடு போல நேர்த்தி.

14 ஆகஸ்ட்
தம்பி பெண்டாட்டி உலகம்மாள் போன் செய்தாள். கரமனையில் புது வீட்டுக்குப் பால்காய்ச்சாம், வந்துவிடுங்கள் மைனி என்றாள். அவனுக்குத் தெரியுமா என்றேன். "தெரியும். தெரியாத மாதிரி இருக்காங்க."

தம்பி வேல்சாமி என்னோடு பேசி நாலு வருடமாகிறது. ஆர்யா கல்யாணத்துக்குத் தாய்மாமன் மாலையைத் தோவாளைப் பூச்சந்தையிலிருந்துதான் கொண்டுவருவேன் என்று தானே போனான். வர நேரமாகிவிட்டது. முகூர்த்தம் தவறுகிறதே என்று இங்கேயே சாலைக் கடைத்தெருவில் வாங்கிய மாலையைப் போட்டுவிட்டோம். மாலையும் கையுமாக மண்டப வாசலில் நின்றவன், "இனி என் சாவுக்கு வந்தாப் போதும்க்கா" என்று சொல்லி, சாப்பிடாமலே போய்விட்டான்.

அவன் இல்லாத எந்த நல்ல நாளும் எனக்கு நல்ல நாளாக இல்லை. இங்கே எழுதுவேன். வாய்விட்டுச் சொல்ல மாட்டேன்.

16 ஆகஸ்ட்
குத்துவிளக்கு எல்லோரும்தான் கொடுப்பார்கள். நான் என் கையால் செய்த மெழுகுதிரி கொடுக்கப்போகிறேன். ஆர்யா அனுப்பிய வெனிலா பேக்கரி போல மணக்கிறது. சாலைக் கடைத்தெருவில் அத்தர் கடைக்குப் போய் ரோஜா, சந்தனம், கொஞ்சம் சாம்பிராணி எண்ணெய் வாங்கினேன். மங்களகரமான மணம். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

22 ஆகஸ்ட்
கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றியது வழுவழுப்பாக அமைந்துவிட்டது. மணம் எப்படி என்று இவரைக் கேட்டேன். நன்றாக இருக்கிறதாம். கண்ணாடி மாட்டுவதற்காக மட்டும் வளர்ந்த மூக்கு அது. ஒருமுறை ஏற்றிப் பார்க்கலாமா? வேண்டாம், புதுசாகவே கொடுப்போம்.

28 ஆகஸ்ட்
பால்காய்ச்சுக்குப் போய்விட்டு வந்தேன். எழுதவே கை வரவில்லை.

உலகம்மாள் அதை ஹாலில் வைத்து ஏற்றி, கதவை மூடி ஏசியைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் பேச்சு குறைந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள். பொன்னம்மைச் சித்தி எதற்கென்றே தெரியாமல் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனாள். தாமதமாக வந்த பக்கத்துக் கடைக்காரர் பிச்சைக்கனி அண்ணாச்சி உள்ளே நுழைந்ததும் கையைக் கட்டிக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

"எப்பம் எடுக்காங்க?"

பிணம் எடுக்கும் நேரம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரோஜா மாலை, சந்தனம், சாம்பிராணி — ஒரு சாவு வீட்டையே கிண்ணத்தில் அடைத்து ரிப்பன் கட்டிக் கொண்டுவந்திருக்கிறேன்.

வேல்சாமி என்னைப் பார்த்தான். பந்திக்கு இலை போடப் போய்விட்டான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. புது வீட்டில் எரிகிற தீபத்தை அணைக்கக் கூடாதாம். பந்தி முடியும் வரை எரிந்தது.

29 ஆகஸ்ட்
பி.பி. 170. பொழுதுபோக்கு நன்றாக வேலை செய்கிறது.

2 செப்டம்பர்
வேணும்னே பண்ணுவேனா? என் தம்பி வீட்டுலயா? கிறுக்கி, ஒரு தடவ ஏத்திப் பாத்திருக்கக் கூடாதா — எல்லாரும் என்ன நினைச்சிருப்பாங்க. அவன் என்ன நினைச்சிருப்பான்.

7 செப்டம்பர்
சாயங்காலம் கரண்ட் கட். இருட்டில் வாசலில் ஓர் ஆள். வேல்சாமி. கையில் அந்தக் கிண்ணம், காலியாக. நான் சொல்லாமலே உட்கார்ந்தான்.

"தினம் கரண்ட் போனா இதத்தான் ஏத்துனோம். நேத்தோட தீந்துபோச்சு," என்றான்.

நான் வேண்டுமென்று செய்யவில்லை என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

"இன்னும் ரெண்டு பண்ணுக்கா. உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. யாரு முதல்ல போனாலும் மத்தவங்க வந்து ஏத்தணும், கேட்டியா."

அழுதேன். நல்லவேளை, கரண்ட் வரவில்லை.

12 செப்டம்பர்
திருவோணம். வேல்சாமி குடும்பத்தோடு சாப்பிட வந்தான். வெனிலா மெழுகுதிரியை ஏற்றி வைத்திருந்தேன். நுழைந்ததுமே கேக் எங்கே என்று கேட்டான்.

அவன் கேட்ட ரோஜாச் சந்தன மெழுகுதிரி இரண்டும் ஊற்றியாகிவிட்டது. அலமாரியில் மேல்தட்டில் இருக்கின்றன. அவசரம் ஒன்றுமில்லை.